மாடி அறையில் ஒரு கறுப்புக் கூடாரம்

மணவூர் ரயில் நிலையத்திலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டிலிருந்து சில வாரங்களுக்கு முன் ஒரு தாய் நமக்குப் போன் செய்தார். கணவர் சவூதியில் வேலை பார்க்கிறார். மகன் தினமும் மின்சார ரயிலில் சென்னைக்குப் போய்வந்து கல்லூரியில் படிக்கிறான். "ஹஜ்ரத், பையன் பேருக்கு நாலு பார்சல் வந்துச்சு. இப்போ மாடி ரூம்ல கறுப்புத் துணியில ஆள் உயரத்துக்கு ஒரு டென்ட் நிக்குது. உள்பக்கம் வெள்ளி மாதிரிப் பளபளன்னு இருக்கு. ஃபேன், லைட்டெல்லாம் மாட்டியிருக்கான். கேட்டா மிளகாய் நாத்து விடப் போறேங்கிறான். மிளகாய் நாத்துக்கு யாராவது ரூமைப் பூட்டுவாங்களா?"

படம் அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். நமக்கும் அது என்னவென்று புரியவில்லை. விசாரித்த பிறகுதான் விளங்கியது. வெயில் படாத அறைக்குள் செயற்கை வெளிச்சத்தில் செடி வளர்ப்பதற்கான கூடாரம் அது. கீரை, நாற்று, அலங்காரச் செடிகள் வளர்ப்பவர்கள் வாங்குகிறார்கள். ஆன்லைனில் பகிரங்கமாக விற்கிறார்கள். துணியிலோ விளக்கிலோ மின்விசிறியிலோ எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் கஞ்சா வளர்த்துப் பிடிபட்டவர்களின் செய்திகளைப் படித்தால், அங்கேயும் இதே பொருள்கள்தான் வரிசையாக வருகின்றன. அந்தத் தாயின் மனம் வீணாகப் பதறவில்லை.

2023 ஜூன் மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருப்போம். மருத்துவக் கல்லூரி மாணவர்கள் சிலர் கைது செய்யப்பட்டார்கள். அவர்களில் முக்கியமானவர் நம் தமிழகத்தைச் சேர்ந்தவர். வாடகை வீட்டின் அறைக்குள் கூடாரம் அமைத்து, இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டு, கஞ்சாச் செடி வளர்த்து, சக மாணவர்களுக்கு விற்றார் என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு. கைப்பற்றப்பட்டவை: 227 கிராம் உலர்ந்த கஞ்சா, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று அதிகமான பச்சைக் கஞ்சா, மூன்று எல்இடி விளக்குகள், ஆறு மேசை மின்விசிறிகள், ஓர் எக்சாஸ்ட் ஃபேன், இரண்டு ஸ்டெபிலைசர்கள். கடைசி நான்கையும் கவனியுங்கள். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் சாமான்கள் அவை. டாக்டராகி ஊருக்குத் திரும்ப வேண்டிய பிள்ளை, அந்தச் சாமான்களோடு சேர்த்துப் பஞ்சநாமாவில் எழுதப்பட்டான்.

அடுத்த ஆண்டு நவம்பரில் டெல்லியை அடுத்த கிரேட்டர் நொய்டாவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 80-க்கும் மேற்பட்ட தொட்டிகளில் கஞ்சா வளர்த்தவர் பிடிபட்டார். அதே மாதம் பெங்களூருவில் ஒரு தம்பதி பால்கனியில் பூந்தொட்டிகளுக்கு நடுவே கஞ்சாவையும் வைத்திருந்து, மனைவி ஃபேஸ்புக்கில் போட்ட பதிவாலேயே மாட்டிக்கொண்டார்கள். பூச்செடியைக் காட்டுவதுபோல் அதையும் காட்டியிருக்கிறார்கள். பயம் அந்த அளவுக்கு விட்டுப்போயிருக்கிறது.

திருத்தணி வட்டாரத்து மக்களுக்குக் கஞ்சா என்றால் இதுவரை எல்லைப் பிரச்சினைதான். 1960-இல் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த காலத்திலிருந்து நாம் எல்லையோடு வாழப் பழகியவர்கள். பொன்பாடி சோதனைச்சாவடியைத் தாண்டினால் நகரி. ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் வரும் இருப்புப் பாதையும் நம் ஊர்களைத் தொட்டுத்தான் போகிறது. ஆந்திராவின் வடகோடியில், இன்று அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம் எனப்படும் மலைப்பகுதியிலும் அதை ஒட்டிய ஒடிசாவிலும் விளையும் கஞ்சா, பொட்டலம் பொட்டலமாகத் தெற்கே இறங்கும் வழிகளில் இதுவும் ஒன்று. 2021-இல் ஆந்திரக் காவல்துறை 'பரிவர்த்தனா' என்ற பெயரில் அந்தத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. 2022 பிப்ரவரியில் சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவை ஒரே இடத்தில் குவித்து எரித்தார்கள். அதே ஆண்டு மார்ச் இறுதியில் தமிழகக் காவல்துறை 'கஞ்சா வேட்டை 2.0' என்று ஒரு மாத நடவடிக்கை எடுத்தது.

இவற்றையெல்லாம் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பையைத் திறந்து பார்ப்பதும் மோப்ப நாயை ஏற்றுவதும் ரயிலிலும் சாலையிலும் நடக்கிற வேலை. கூரியர்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போகும் பார்சலில் சட்டவிரோதமாக எதுவுமே இல்லாதபோது, எந்தச் சோதனைச்சாவடி என்ன செய்யும்? விளைவதும் உலர்வதும் புகைவதும் ஒரே அறைக்குள் என்றாகிவிட்டால், அங்கே பார்க்கக்கூடிய கண்கள் தாயுடையவை, தந்தையுடையவை, வாடகைக்கு விட்டவருடையவை மட்டுமே.

இளைஞர்களிடம் ஒரு தவறான கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. "ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் சின்ன கேஸ்தான், ஸ்டேஷன் ஜாமீன்" என்கிறார்கள். இதை நாமே காதால் கேட்டிருக்கிறோம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', 20 கிலோவிலிருந்து 'வணிக அளவு' என்று பிரித்திருப்பது உண்மை. சிறிய அளவுக்கு ஓராண்டு வரை தண்டனை. ஆனால் இந்தக் கணக்கு வைத்திருப்பது, விற்பது, கடத்துவது ஆகியவற்றுக்குத்தான். செடி வளர்ப்பது தனிக் குற்றம். 20-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில், வளர்ப்பவருக்குப் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று இருக்கிறது. அங்கே எடைக்குக் கணக்கே இல்லை. அரைக் கிலோ பொட்டலத்தோடு பிடிபட்டவனைவிட, ஒரு தொட்டியில் ஒரு செடி வைத்தவன் பெரிய தண்டனைக்கு உரியவனாகலாம். 'விற்கவில்லை, எனக்கு மட்டும்தான்' என்பது இங்கே விடுதலை தராது.

குடும்பத்தார் படிக்க வேண்டியது 25-ஆம் பிரிவு. ஒரு வீடோ அறையோ யாருடைய உரிமையிலோ பொறுப்பிலோ இருக்கிறதோ அவர், அங்கே குற்றம் நடப்பதை அறிந்தே அனுமதித்தால், குற்றம் செய்தவருக்குரிய தண்டனை அவருக்கும் உண்டு. 'அறிந்தே' என்ற சொல்தான் அடைக்கலம். ஆனால் 35-ஆம் பிரிவு அந்தச் சொல்லின் பாரத்தையும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையிலேயே வைக்கிறது. மனதில் குற்ற எண்ணம் இருந்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியவர் அவர்தான். நம் மக்கள் மாடியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் வயதான காலத்தை ஓட்டுகிறவர்கள். ஆறு மாதமாக அந்த அறைப் பக்கம் போகவில்லை என்பது கண்ணியமாகத் தோன்றலாம், வழக்கு என்று வந்தால் அதை விளக்கவே ஒரு வக்கீல் வைக்க வேண்டியிருக்கும்.

வளைகுடாவை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கப் பாஸ்போர்ட் சட்டம் இடம் தருகிறது. தீர்ப்பு வரும்வரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக் கனவு நகராது. தகப்பன் இருபது ஆண்டு வெயிலில் நின்று மகனுக்குத் திறந்து வைத்த கதவு அது.

சரி, பையன்கள் எதைப் பார்த்துக் கற்கிறார்கள்? கனடாவில் 2018 முதலும் ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதலும், பெரியவர்கள் வீட்டில் சில செடிகள் வளர்ப்பதற்குச் சட்டம் இடம் தந்திருக்கிறது. கனடாவில் பெரும்பாலான மாகாணங்களில் வீட்டுக்கு நான்கு, ஜெர்மனியில் ஆளுக்கு மூன்று. அந்த நாடுகளில் இருப்பவர் மகிழ்ச்சியாகக் கூடாரத்தை மாட்டி வீடியோ போடுகிறார். அவருக்கு அது தோட்டக்கலை. அதே வீடியோவை மணவூரில் போர்வைக்குள் பார்க்கும் பையனுக்கு அது பத்தாண்டு. வீடியோவுக்கு எல்லை தெரியாது. தாய்லாந்தின் கதை இன்னும் பாடமானது. 2022 ஜூனில் தடைப்பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தார்கள், தெருவுக்குத் தெரு கடை முளைத்தது. மூன்றே ஆண்டுகளில், 2025 ஜூனில், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று திரும்பி வந்தார்கள். இந்த இடைவெளியில் பாங்காக்கிலிருந்து வந்து சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட 'ஹைட்ரோபோனிக் கஞ்சா' செய்திகளுக்குக் கணக்கில்லை.

கொஞ்சம் படித்த பிள்ளைகள் வேறு வாதத்தோடு வருகிறார்கள். ஐ.நா.வே கஞ்சாவை விட்டுவிட்டதாம், இந்தியாவும் அதற்கு வாக்களித்ததாம். பாதி உண்மை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் 27-க்கு 25 என்ற வாக்குகளில், மிகக் கடுமையான நான்காம் பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தது, இந்தியா ஆதரித்து வாக்களித்தது. மருத்துவ ஆய்வுக்கு வழி திறந்த முடிவு அது. முதல் பட்டியலில் கஞ்சா இன்றும் இருக்கிறது, நம் நாட்டுச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

மார்க்கத்தின் பெயரால் வரும் வாதம் இதைவிட நமக்கு வேதனை தருகிறது. குர்ஆன் மதுவைத்தான் சொல்கிறது, செடியைச் சொல்லவில்லை, அதுவும் அல்லாஹ்வின் படைப்புதானே என்கிறார்கள். புதிய கேள்வி என்று நினைத்துக் கேட்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே எகிப்திலும் ஷாமிலும் ஹஷீஷ் பரவியபோது இதே கேள்வி எழுந்தது. ஹிஜ்ரி 794-இல் மறைந்த ஷாஃபிஈ அறிஞர் இமாம் ஸர்கஷீ இதற்கென்றே தனி நூல் எழுதினார். அதற்கும் முன்பே இப்னு தைமிய்யா கடுமையாகத் தீர்ப்பளித்திருந்தார். அறிஞர்கள் பார்த்தது திரவமா இலையா என்பதை அல்ல, அது அறிவை மறைக்கிறதா என்பதை. போதை தரும் ஒவ்வொன்றும் விலக்கப்பட்டது என்ற நபி (ஸல்) அவர்களின் பொதுவிதி அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. மருத்துவருடைய கண்டிப்பான தேவையில் மருந்தாகப் பயன்படுத்துவது பற்றி ஃபிக்ஹில் தனியே பேசப்பட்டிருக்கிறது, பூட்டிய அறைக்கு அந்தச் சலுகை வராது. மது தொடர்பாக நபியவர்கள் சபித்தவர்களின் பட்டியலில் குடிப்பவர் ஒருவர்தான். பிழிபவர், சுமப்பவர், விற்பவர், விலையை உண்பவர் என்று அது நீண்டுகொண்டே போகும். வீட்டுக்குள் வளர்ப்பவன் இத்தனை பாத்திரங்களையும் ஒருவனாகவே எடுத்துக்கொள்கிறான்.

உலமாக்களாகிய நம் பங்கையும் சொல்ல வேண்டும். ஜூன் 26 போதை ஒழிப்பு தினம் வந்தால் ஜும்ஆவில் ஒரு பயான், ஊர்வலம் என்றால் ஒரு பேனர். அதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். 2019-இல் மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு, நாட்டில் ஓராண்டுக்குள் கஞ்சா வகைகளில் ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி பேர் என்றது. பாங்கையும் சேர்த்த கணக்கு அது. அத்தனை பேரில் நம் மஹல்லாப் பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை என்பதுபோல்தான் நம் பேச்சு இருக்கிறது. பிடிபட்டவன் பெயர் முஸ்லிம் பெயராக இருந்தால் ஊடகத்தின் மேல் கோபம், வேறு பெயராக இருந்தால் ஓர் ஆறுதல் பெருமூச்சு. இரண்டுமே அந்தப் பிள்ளைக்கு எந்த வகையிலும் உதவாது.

பிள்ளை ஏற்கெனவே பழக்கத்துக்கு ஆளாகியிருந்தால் என்ன செய்வது என்று அந்தத் தாய் கேட்டார். அடித்து அறையில் போடுவதும், ஊர் விட்டு ஊர் அனுப்புவதும், அவசரமாக நிக்காஹ் பேசுவதும் நம் சமூகத்தின் வழக்கமான மூன்று மருந்துகள். மூன்றும் பலன் தந்து நாம் பார்த்ததில்லை. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்திய குற்றத்திலோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்திலோ சிக்கிய, பழக்கத்துக்கு அடிமையான ஒருவர், தானாகவே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சைக்கு வந்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கும் போய்விடும். மத்திய அரசின் 14446 என்ற இலவச எண்ணில் பேசினால் வழிகாட்டுகிறார்கள். பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் மூளை வளர்ந்துகொண்டிருப்பதால், வீரியம் கூடிய கஞ்சா மனச்சிதைவு வரை கொண்டுபோகலாம் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். கூடாரத்துக்குள் செய்யும் வேலையெல்லாம் அந்த வீரியத்தைக் கூட்டத்தான். ஆகவே 'வெளியே கண்டதை வாங்குவதைவிட வீட்டில் சுத்தமாக வளர்ப்பது நல்லது' என்ற பேச்சில் சுத்தமும் இல்லை, நல்லதும் இல்லை.

அந்த வீட்டுக்கு வருவோம். காலிக் கூடாரத்துக்காகப் பிள்ளையைத் திருடனாக நடத்த வேண்டாம், அறைக் கதவை மட்டும் பூட்ட விடாதீர்கள் என்றோம். இன்ன சட்டம் இன்ன தண்டனை என்று நாம் எழுதிக்கொடுத்த தாளை மகனே படிக்கும்படி சாப்பாட்டு மேசையில் வைக்கச் சொன்னோம். சவூதியிலிருக்கும் தகப்பனார் வீடியோ காலில் மாடி அறையைக் காட்டச் சொல்லி, திட்டாமல், "மிளகாய் எத்தனை நாள்ல காய்க்கும்?" என்று மட்டும் தினமும் கேட்டிருக்கிறார். நாம் சொல்லிக்கொடுத்தது அல்ல அது, அவருக்காகவே தோன்றியது.

பத்து நாள் கழித்து அந்தத் தாய் மீண்டும் பேசினார். கூடாரத்தை அவனே கழற்றி மடித்துவிட்டானாம். அதிலிருந்த சின்ன மின்விசிறி இப்போது சமையலறையில் ஓடுகிறது. அவன் இன்னும் அம்மாவிடம் சரியாகப் பேசுவதில்லை, இஷாவுக்கு மட்டும் தம்பியோடு பள்ளிக்கு வருகிறான், பின் வரிசையில் நின்றுவிட்டுச் சலாம் கொடுத்ததும் போய்விடுகிறான். தகப்பனார் அடுத்த மாதம் விடுமுறையில் வருகிறார், இன்ஷா அல்லாஹ்.