வழிப்போக்கனும் குடித்தனக்காரனும்

வெளிநாடு போய்விட்டு வந்து எழுதுகிறவர்கள் தவறாமல் எழுதும் வரி ஒன்று உண்டு. "அந்த ஊர் ஜனங்கள் தங்கமானவர்கள்." 2025 ஏப்ரலில் போர்ச்சுகல் கிராமங்கள் வழியாக ஐந்து நாள் நடந்துவிட்டு வந்த நானும் அதைத்தான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் இல்லை. ஆனால் பாதிக் கணக்கு. வரவுப் பக்கத்தை மட்டும் காட்டினால் ஆடிட்டர் விடுவாரா? மறுபக்கத்தையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் வரவு. லிஸ்பனுக்குத் தெற்கே அலென்டேஜோ என்று ஒரு பெரிய வறண்ட பிரதேசம். அதன் கடலோரமாக "மீனவர் பாதை" என்று ஒரு நடைபாதை போகிறது. பாறை முனைகளுக்குத் தூண்டில் போடப் போகும் மீனவர்கள் காலால் உண்டாக்கிய ஒற்றையடித் தடம். வழியெங்கும் பச்சையும் நீலமுமாக இரண்டு கோடு வரைந்து அடையாளம் வைத்திருக்கிறார்கள். போர்ட்டோ கோவோவில் தொடங்கி அல்ஜெசூர் வரை நானும் தங்கமணியும் நடந்தோம், சுமார் 100 கிலோமீட்டர். பாதி தூரம் மணல். ஏ.சி. அறையில் இருபது வருடம் உட்கார்ந்து தேய்ந்த முதுகுக்கு அது என்ன செய்தது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும் :-)

சர்தாவோ முனையில் கடலுக்கு மேலே செங்குத்தான பாறைகளில் வெள்ளை நாரைகள் கூடு கட்டியிருந்தன. உலகத்தில் வேறெங்கும் நாரை இப்படிக் கடற்பாறையில் கூடு கட்டுவதில்லையாம். கீழே அலை மோதுகிறது, மேலே குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. தங்கமணி அரை மணி நேரம் அசையவில்லை.

மனிதர்கள்? நாங்கள் நின்று மூச்சு வாங்குவதைப் பார்த்து ஒரு பாட்டி வேலிக்கு மேலாகக் கை நீட்டி ஒரு கொத்து லோகாட் பழம் கொடுத்தார். இறைச்சி சாப்பிட மாட்டோம் என்று சைகையில் சொன்னதும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்காரர் எங்களுக்காக "அசோர்டா" செய்து தந்தார். பூண்டும் பச்சைக் கொத்தமல்லியும் இடித்து, ஆலிவ் எண்ணெயும் கொதிநீரும் விட்டு, பழைய ரொட்டித் துண்டுகளைப் போட்டு, மேலே ஒரு முட்டை. ஐரோப்பாவில் கொத்தமல்லி வாசனை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் மேசையைக் காட்டி "மேஸா" என்றார், நான் ஜன்னலைக் காட்டி "ஜனேலா" என்றேன், சாவி, அலமாரி என்று போட்டி நடந்தது. அத்தனையும் அவர்களிடமிருந்து நமக்கு வந்தவை. ஏலம்கூட அவர்கள் சொல்தான். வாராக்கடனுக்கு நான் போடும் ஏல அறிவிப்பில் ஒரு போர்ச்சுகீசியன் உட்கார்ந்திருக்கிறான் என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

இனி மறுபக்கம்.

இரண்டாம் நாள் மாலை அல்மொக்ராவ் என்ற ஊரில் ஒரு காபிக் கடைக்குள் நுழைந்தேன். தங்கமணி வெளியே செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். என் முதுகுப்பையும் நடைத்தடியும் அவளிடம் இருந்தன. கல்லாவில் இருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முறைக்கவில்லை, அவமதிக்கவும் இல்லை. வெறுமனே பார்க்காதது மாதிரி இருந்தார். தங்கமணி பையும் தடியுமாக உள்ளே வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எங்கிருந்து நடக்கிறீர்கள், கால் வலிக்கிறதா, உட்காருங்கள்!

காரணம் மறுநாள் புரிந்தது. பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே திரும்பினால் கண்ணுக்கு எட்டியவரை பிளாஸ்டிக் கூடாரங்கள். உள்ளே ராஸ்பெரி பயிர். பறிப்பவர்கள் நேபாளிகள், நம் பஞ்சாபிகள், வங்கதேசத்தவர்கள். இந்த ஒடெமிரா வட்டாரம்தான் பரப்பளவில் போர்ச்சுகலின் மிகப் பெரிய நகராட்சி. உள்ளூர் இளைஞர்கள் எப்போதோ வெளியேறிவிட்டார்கள், அந்த இடத்தை நம்மவர்கள் நிரப்புகிறார்கள். ஒரு வீட்டில் பத்துப் பேர் என்று நெருக்கியடித்துத் தங்குகிறார்கள் என்பது 2021 ஏப்ரல் கடைசியில் கொரோனா பரவி இரண்டு கிராமங்களுக்கு அரசு சுற்றிவளைப்புப் போட்டபோதுதான் நாடு முழுக்கத் தெரிந்தது. சிலரை ஒரு விடுமுறை விடுதிக்கு மாற்றப் போக, அங்கே வீடு வைத்திருந்தவர்கள் வாசலில் நின்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

ஆக, பையும் தடியும் இல்லாத நான் அந்தக் கடைக்காரருக்கு ஒரு ராஸ்பெரி பறிக்கிறவன். அவை இருந்தால் விருந்தாளி. தோல் அதே தோல்தான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதற்கப்புறம் ஊருக்குள் நுழையும்போதெல்லாம் தடியைக் கொஞ்சம் சத்தமாகவே தரையில் ஊன்றினேன். எதிரே சைக்கிளில் வந்த பஞ்சாபிப் பையன் சிரித்துக்கொண்டே "சத் ஸ்ரீ அகால்" என்றபோது, பாதை அடையாளத்தைத் தேடுகிறவன் மாதிரி வேறு பக்கம் பார்த்தேன். தங்கமணிதான் நின்று, போபால் பதினோரு வருடத்தில் கற்றுக்கொடுத்த இந்தியில் பேசினாள். ஹோஷியார்பூர் பக்கமாம். கட்டிலுக்கு இவ்வளவு என்று வாடகை. வேலையில் இருந்தபடியே வசிப்புரிமைக்கு மனுப் போடும் வழியை அரசு 2024 ஜூனில் மூடிவிட்டது, இவன் அதற்கு முன்பே போட்டுவிட்டுக் காத்திருக்கிறான். "ஆன்ட்டி, சும்மா நடப்பதற்கா இவ்வளவு செலவு செய்து வந்தீர்கள்?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

நான்காம் நாள் ஏப்ரல் 28. அன்று முற்பகல் ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டு நாட்டிலும் மின்சாரம் போனது நினைவிருக்கலாம். பாறை மேல் நடந்துகொண்டிருந்த எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பிற்பகல் ஒடெசெய்ஷ் போய்ச் சேர்ந்தபோது ஊரே இருட்டு. ஏ.டி.எம். இல்லை, கார்டு மெஷின் இல்லை, போனும் சரியாக எடுக்கவில்லை. எங்களிடம் சில்லறையாக ஆறு யூரோ. பாங்க் ஆபீசர் கையில் பணம் இல்லை, எப்படி இருக்கிறது பாருங்கள்!

மளிகைக் கடை அம்மா ரொட்டி, பாலாடைக்கட்டி, ஆரஞ்சு, தண்ணீர், ஒரு மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் பையில் போட்டார். அட்டைத் துண்டில் 14 என்று எழுதினார். "அமன்யா" என்றார். நாளைக்கு. பெயர்கூடக் கேட்கவில்லை. கே.ஒய்.சி. இல்லை, ஜாமீன் இல்லை, கையெழுத்து இல்லை. என் சர்வீஸில் இப்படி ஒரு கடன் சாங்ஷன் ஆகிப் பார்த்ததில்லை.

எனக்குப் பின்னால் இரண்டு நேபாளிப் பையன்கள் அரிசியும் பருப்புமாக நின்றிருந்தார்கள். அவர்களிடம் அந்த அம்மா முதலில் கேட்டது: "தின்யெய்ரோ?" பணம் இருக்கிறதா? இருந்தது. எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பழகிப் போயிருக்க வேண்டும்.

நாளைக்கு ஊரை விட்டுப் போகிறவனுக்குக் கடன். இந்த ஊரிலேயே இருக்கப் போகிறவனிடம் ரொக்கம். எந்த பாங்க் மேனுவலிலும் இந்த விதி தலைகீழாகத்தான் இருக்கும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு அருகதை இல்லை. 2014-ல் மாற்றலாகி போபால் வந்தபோது என் சக ஊழியர் வீட்டில் பத்து நாள் தங்கினோம். தெருவே எங்களைக் கொண்டாடியது, பராட்டாவும் ஊறுகாயுமாக வந்து குவிந்தது. அதே தெருவில் வாடகைக்கு வீடு கேட்டபோது "மதராஸியா? மீன் சமைப்பீர்களா?" என்று ஆரம்பித்தார்கள். விருந்தாளி பத்து நாளில் போய்விடுவான். குடித்தனக்காரன் தண்ணீர்த் தொட்டியில் பங்கு கேட்பான், பிள்ளையை அதே பள்ளியில் சேர்ப்பான். வெளியூரில் குடித்தனம் செய்கிற நமக்கெல்லாம் இது தெரிந்த கதை.

நடைப்பயணிகள் எழுதும் புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். நடந்தால் ஒரு நாட்டின் இதயம் தெரியும் என்கிறார்கள். தெரிவது வாசல் திண்ணை. அது நல்ல திண்ணை, நான் மறுக்கவில்லை, அதில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். உள்ளே எப்படி என்று அந்த ஹோஷியார்பூர் பையனைத்தான் கேட்க வேண்டும்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அன்றிரவு நாங்கள் தங்கிய வீட்டுப் பெரியவர், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எங்களோடு உட்கார்ந்து, பாதி பிரெஞ்சும் பாதி ஆங்கிலமுமாகப் பேசினார். அவர் மூத்தவர்கள் காலத்தில், 1960-களில், லட்சக்கணக்கில் போர்ச்சுகீசியர்கள் வறுமைக்கும் போருக்கும் பயந்து பிரான்ஸுக்குப் போனார்கள், பலர் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி. பாரிஸுக்கு வெளியே சேற்றில் தகரக் குடிசைகளில் இருந்தார்கள். அவர் அண்ணன் அப்படிப் போனவராம். பெரியவரின் பின்கட்டில் நான்கு நேபாளிகள் குடியிருக்கிறார்கள். நான்குக்கு மேல் விடமாட்டேன், நாலு கட்டில்தான் கொள்ளும் என்றார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அறையின் அளவைச் சொல்வது மாதிரி சொன்னார்.

மறுநாள் மின்சாரம் வந்திருந்தது. கடையில் 14 யூரோவைக் கொடுத்தேன். அந்த அம்மா அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு ஆரஞ்சு கொடுத்தார், காசு வாங்கவில்லை.

போபாலில் எங்களுக்கு ஒரு சின்ன ஃபிளாட் இருக்கிறது, வாடகைக்கு விடுவது வழக்கம். போன ஞாயிறு மணிப்பூரிலிருந்து வந்த இரண்டு நர்ஸ் பெண்கள் பார்க்க வந்தார்கள். டீ கொடுத்தேன், நன்றாகத்தான் பேசினேன். வழக்கமாக இரண்டு மாத அட்வான்ஸ், அவர்களிடம் என் வாயில் நான்கு மாதம் என்று வந்தது. அவர்கள் போன பிறகு தங்கமணி ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய், மூலையில் சாத்தி வைத்திருந்த நடைத்தடியை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்தப் பெண்களின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்று இரவு கூப்பிட வேண்டும்.