பராமரிப்பும் மூலதனமே

சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில், லிம்மாத் நதியின் ஓரத்தில் நிற்கும் பழைய நகர மண்டபத்தைக் குளிர்காலத்தில் கதகதப்பாக வைத்திருக்கும் பொறுப்பை 1938-ஆம் ஆண்டில் ஒரு புதிய யந்திரம் ஏற்றுக்கொண்டது. விறகையோ நிலக்கரியையோ எரிக்காமல், கையை வைத்தால் விறைத்துப்போகும் அந்த நதிநீரிலிருந்தே உஷ்ணத்தைப் பிரித்தெடுத்து மண்டபத்துக்கு வழங்கிய அந்த ஹீட் பம்ப், 2001-ஆம் ஆண்டில் வேறொன்றுக்கு இடம்விட்டு விலகும்வரை 63 ஆண்டுகள் பணி செய்தது. இதைக் கேள்விப்படுகிற எவரும் அதைச் சமைத்த பொறியாளர்களின் மேதையை வியப்பார்கள், அது நியாயமே. ஆயினும், மண்ணும் சுண்ணாம்பும் நுண்ணுயிர்களும் கலந்து ஓடும் நீரோடு ஓயாமல் உறவாடும் ஒரு யந்திரம் இத்தனை காலம் நிலைத்து நிற்க வேண்டுமானால், அதைக் கழுவியும் துடைத்தும் கண்காணித்தும் வந்த கைகளின் சிரத்தை அந்த மேதைக்குச் சற்றும் குறைந்ததாக இருந்திருக்க முடியாது. அக்கைகளை நாம் நினைப்பதுமில்லை. அவற்றுக்கென்று பணம் ஒதுக்குவதுமில்லை.

கிணற்றின் ஆழத்தில் கிடக்கும் நீரை ஏற்றத்தால் மேட்டுக்கு இறைப்பதைப்போல, தாழ்ந்த உஷ்ணநிலையில் கிடக்கும் வெப்பத்தை உயர்ந்த உஷ்ணநிலைக்கு இறைத்துத் தருவதே இந்த யந்திரத்தின் தொழில். இது இயலும் என்று 1852-ஆம் ஆண்டிலேயே கெல்வின் பிரபு எடுத்துக் காட்டினார். குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும் ஒரு திரவம் நதிநீரிலிருந்தோ கடல்நீரிலிருந்தோ வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்திச் சூடேற்றுகிறது. பிறகு அது மீண்டும் திரவமாகும்போது தான் வாங்கிய வெப்பத்தைக் கட்டடத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஒரு பங்கு மின்சாரத்தைச் செலவிட்டு மூன்று, நான்கு பங்கு வெப்பத்தைப் பெறுவது இவ்வாறுதான் சாத்தியமாகிறது. ஸ்டாக்ஹோம் நகரில் 1980-களில் நிறுவப்பட்ட, 180 மெகாவாட் திறன்கொண்ட நிலையம் பால்டிக் கடலின் நீரிலிருந்து வெப்பத்தை எடுத்து வீடுகளுக்கு அனுப்புகிறது. நார்வேயின் டிராமென் நகரம் தன் வாசலிலுள்ள கடற்கழியின் குளிர்நீரைக் கொண்டே தன்னைச் சூடேற்றிக்கொள்கிறது.

இத்தனை பெரிய காரியம் முழுவதும் ஒரு மெல்லிய உலோகச் சுவரை நம்பி நடைபெறுகிறது. அச்சுவரின் ஒருபுறம் நீர். மறுபுறம் யந்திரத்தின் திரவம். வெப்பம் அதன் வழியாகத் தடையின்றிக் கடந்தால்தான் மேற்சொன்ன லாபம் அனைத்தும் கைகூடும். ஆனால் நீரோ தான் சுமந்து வந்ததையெல்லாம் அச்சுவரின்மீது இறக்கிவைத்துவிடுகிறது. நீர் சூடேறுகிற பக்கத்தில் சுண்ணாம்பு உப்பு கெட்டியாகப் படிகிறது. குளிர்கிற பக்கத்தில் வண்டலும், நுண்ணுயிர்கள் நெய்யும் வழவழப்பான படலமும் ஒட்டிக்கொள்கின்றன. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூடச் சுண்ணாம்புப் படிவு கடத்துவதில்லை. நுண்ணுயிர்ப் படலம் கடத்துவது அதனினும் குறைவு. ஜெனீவா ஏரியில் 2015-ஆம் ஆண்டில் தென்பட்ட குவாகா என்னும் அந்நியச் சிப்பி, கண்ணுக்குப் புலப்படாத இளம்பருவத்தில் வடிகட்டிகளைக் கடந்து உட்புகுந்து, குழாய்ச் சுவர்களில் வேரூன்றி வளர்ந்து, ஏரிநீரை நம்பியிருக்கும் நிலையங்களுக்கெல்லாம் பெருந்தொல்லையாகிவிட்டது.

இந்த அழுக்கு ஒருநாளும் கூச்சலிட்டுத் தன் வரவைத் தெரிவிப்பதில்லை. யந்திரம் ஓடிக்கொண்டேயிருக்கும், அறையும் சூடாகவோ குளிர்ச்சியாகவோ இருக்கும், மின்சாரக் கட்டணம் மட்டும் மாதத்துக்கு மாதம் சிறிது சிறிதாக ஏறும். உலோகச் சுவரின் அழுக்கை ஈடுகட்ட யந்திரம் கூடுதலாக ஏற வேண்டிய ஒவ்வொரு டிகிரிக்கும் இரண்டு, மூன்று சதவீத மின்சாரம் விரயமாகிறது. இன்னும் கொடியது, வடிகட்டி அடைத்துக்கொண்டு நீரோட்டம் குறைந்துபோவது. அப்போது உஷ்ணத்தை இழக்கும் நீர் குழாய்க்குள்ளேயே உறைந்து, குழாயைப் பிளந்து, யந்திரத்தின் உயிர்நாடிக்குள் தண்ணீரைப் பாய்ச்சிவிடக் கூடும். சில நூறு ரூபாய் வேலையைச் செய்யாததன் விளைவாகப் பல லட்சம் ரூபாய் யந்திரம் பாழாவது இப்படித்தான்.

இதற்கான பரிகாரம் அபூர்வமான வித்தையன்று. வடிகட்டியைக் குறித்த காலத்தில் கழற்றிக் கழுவ வேண்டும். நீர் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் உள்ள அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் நாள்தோறும் லாக் புத்தகத்தில் எழுதிவர வேண்டும். யந்திரம் புதிதாயிருந்த நாளின் அளவுகளோடு இன்றைய அளவுகளை ஒப்பிட்டால், அழுக்கு எவ்வளவு சேர்ந்திருக்கிறதென்பதை மூடியைத் திறக்காமலே அறியலாம். குழாய்களைத் தூரிகையால் தேய்க்க வேண்டும். கெட்டிப்பட்ட உப்பைச் சிட்ரிக் அமிலம் போன்ற மிதமான அமிலத்தைச் சுழலவிட்டுக் கரைக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேகமாய்க் கரைக்கும் என்று ஆசைப்பட்டு ஊற்றினால், அது உப்போடு எவர்சில்வர் தகடுகளையும் அரித்துவிடும். கழுவிய அமிலநீரைக் காரத்தால் சமன்செய்யாமல் சாக்கடையிலோ நதியிலோ விடுவது, நமக்கு வெப்பம் ஈந்த நீருக்கே நாம் செய்யும் துரோகமாகும்.

இது தொலைதேசத்துச் சமாசாரம் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நம் ஊர்களின் பெரிய மருத்துவமனைகளையும் வணிக வளாகங்களையும் குளிர்விக்கும், நீரால் குளிரும் சில்லர்கள் இதே யந்திரத்தின் மறுமுகமேயாகும்; அங்கே கட்டடத்தின் வெப்பம் நீருக்குப் போகிறது. உப்பு மிகுந்த போர்வெல் நீரே பல இடங்களில் கதியாயிருப்பதால், வெப்பத்தை நீருக்குக் கைமாற்றும் கண்டன்சர் குழாய்களில் படிவு விரைந்து ஏறுகிறது. அசட்டையின் விலை சில வேளைகளில் மனித உயிராகவும் இருக்கக்கூடும். 1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து ஹோட்டல் ஒன்றில் மாநாட்டுக்குக் கூடியவர்களில் சுமார் 30 பேர் நுரையீரல் நோயால் மாண்டபின், லெஜியோனெல்லா என்னும் கிருமி அறியப்பட்டது. சில்லரிலிருந்து வரும் நீரைக் காற்றில் ஆறவைக்கும் கூலிங் டவர் பராமரிப்பற்றுக் கிடந்தால், அதன் வெதுவெதுப்பான நீர் அக்கிருமிக்கு உகந்த இருப்பிடம் என்பதை மருத்துவ உலகம் அதன்பின் நன்கு உணர்ந்தது.

"யந்திரம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? இவ்வாண்டு பராமரிப்புச் செலவைக் குறைத்துக்கொள்ளலாமே" என்று நிதியைக் கையாளுபவர்கள் சொல்வதுண்டு. அவர்களுடைய சிக்கனத்தின் நோக்கத்தை நான் குறைகூறவில்லை. ஆனால் பராமரிப்புக் கணக்கில் மிச்சமான பணம் மின்சாரக் கணக்கில் அதற்கு மேலும் செலவாகிறதென்பதை, இரண்டு கணக்குகளையும் சேர்த்துப் பார்ப்பவர் எவரும் இல்லாத காரணத்தால் நாம் காண்பதில்லை. கொள்முதலை மூலதனமென்றும் பராமரிப்பைத் தண்டச்செலவென்றும் பிரிக்கும் வழக்கமே இப்பிழையின் மூலகாரணம். முப்பது ஆண்டுகள் உழைக்கக்கூடிய யந்திரத்தைப் பத்து ஆண்டுகளில் இழப்பவன், மூலதனத்தில் பெரும்பகுதியை இழந்தவனே அல்லவா?

ஆதலின், பொதுப்பணத்தில் இத்தகைய யந்திரத்தை வாங்கும் ஒவ்வொரு நிர்வாகமும் முதல் நாளின் மதிப்பீட்டிலேயே அதன் ஆயுட்காலப் பராமரிப்புத் தொகையையும் எழுதிவிட வேண்டும். குழாய்களை உருவித் தேய்ப்பதற்கு, அவற்றின் நீளத்துக்குச் சமமான வெற்றிடம் யந்திரத்தின் ஒரு பக்கத்தில் இருக்கிறதா, அமிலம் சுழலவிடுவதற்கான வால்வுகள் பொருத்தப்பட்டிருக்கின்றனவா என்பதைப் பார்க்காமல் கட்டடத்தின் வரைபடத்துக்கு அங்கீகாரம் வழங்கக் கூடாது. லாக் புத்தகம் ஒப்பந்ததாரரின் உடைமையாக இராமல் நிர்வாகத்தின் உடைமையாக இருக்க வேண்டும்; மின்சாரக் கட்டணச் சீட்டோடு அதை மாதந்தோறும் பொறுப்புள்ள ஓர் அதிகாரி ஒப்பிட்டுக் கையொப்பமிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பிளான்ட் ரூமின் இரைச்சலுக்கு நடுவே அளவுகளைக் குறித்துவரும் ஆபரேட்டருக்குத் தகுந்த பயிற்சியும், நியாயமான ஊதியமும், ஆபத்து கண்டால் எவரையும் கேளாமல் யந்திரத்தை நிறுத்தும் அதிகாரமும் அளிக்கப்பட வேண்டும். இவற்றை உறுதிசெய்யாத ஒப்பந்தம் எத்துணை மலிவான விலைக்கு வந்தாலும், அதை நிராகரிக்கும் துணிவை நம் நிர்வாகங்கள் பெற வேண்டும்.