விரல் நோகிறது என்று விற்கவேண்டாம்

புதுக்கடையிலிருந்து ஒரு மாணவர் எழுதுகிறார்: "கிற்றார் வாங்கி இரண்டு மாதங்களாகின்றன. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பழகுகிறேன். விரல் நோகிறது, ஓசையும் கரகரக்கிறது. படிப்புக் கெடுகிறது, விற்றுவிடு என்கிறார் அம்மா. நான் என்ன செய்வது?"

தம்பி, அவசரப்பட்டு விற்கவேண்டாம். கிற்றார் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1960களில் கிளாரன்ஸ் விஜேவர்த்தன சிங்கள மெல்லிசையில் மின்கிற்றாரை ஒலிக்கச் செய்தார். நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோரின் தமிழ்ப் பொப்பிசையை 1970களில் நம்மவர் விரும்பிக் கேட்டனர். அத்தகைய எளிய பாடல்கள் பலவற்றுக்கு மூன்று சுரக்கூட்டுக்களே போதும்.

குற்றம் உமது விரலில் இல்லை. பழகும் முறையில் இருக்கிறது. விரல்நுனித் தோல் சிறிது சிறிதாகவே உரம் பெறும். ஆறு நாள் ஓய்ந்து ஏழாம் நாள் வருத்தினால், ஒவ்வொரு ஞாயிறும் முதல் நாளாகவே இருக்கும். நாள்தோறும் பதினைந்து நிமிடம் பழகும்.

முதலில் சுருதி சேரும். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என்பது ஒழுங்கு. சுருதி சேராத கிற்றாரில் சரியாக வாசித்தாலும் பிழையாகவே கேட்கும்.

அடுத்தது கரகரப்பு. விரலை இரு மெட்டுக்களின் நடுவில் வையாமல், முன் மெட்டுக்கு மிக அருகே, அதன் மேல் ஏறாதபடி வையும். குறைந்த அழுத்தத்திலேயே ஓசை தெளியும். பின்னர் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிப் பாரும். தந்தி மிக உயர்ந்து நின்றால், திருத்துபவரிடம் கொடுத்துத் தாழ்த்துவிக்கலாம். நைலோன் தந்திக்கென அமைந்த கிற்றாரில் உருக்குத் தந்தி பூட்டவேண்டாம். அதன் இழுவிசை கருவியைக் கெடுத்துவிடும்.

பின்பு கூட்டு மாற்றம். 'ஈ மேஜர்' கூட்டில் வைத்த மூன்று விரல்களையும் அமைப்புக் குலையாமல் மெல்லிய பக்கமாக ஒரு தந்தி நகர்த்தினால் 'ஏ மைனர்' கிடைக்கும். ஒரு நிமிடத்தில் எத்தனை முறை தெளிவாக மாற்றினீர் என்று நாள்தோறும் கொப்பியில் குறித்து வாரும். அந்த எண்ணே உமது முன்னேற்றத்தைச் சொல்லும். கடைசி ஐந்து நிமிடம், தாளம் தவறாது, ஒரு பாட்டை மெதுவாக வாசியும்.

அம்மாவின் கவலையும் நியாயமானதே. பாடம் முடிந்த பின்பே கிற்றாரை எடும். இரவாயின், தந்திகளின் அடியில், அவை பூட்டப்பட்ட பக்கமாக ஒரு துணித்துண்டைச் செருகினால் அயலவர் உறக்கம் கெடாது.

ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பியக் கலைஞரின் இடக்கையில் இரு விரல்கள் 1928இல் தீயில் வெந்து பயனிழந்தன. அப்போது அவருக்கு வயது 18. எஞ்சிய விரல்களைக் கொண்டு மீண்டும் முதலிலிருந்து பழகி உலகப் புகழ் பெற்றார். உமக்கோ விரல்கள் அனைத்தும் நலமாக உள்ளன. வேண்டியது பொறுமை ஒன்றே.

அம்மாவுக்குப் பிடித்த பாட்டொன்றை முதலில் பழகும். மூன்று மாதங்களின் பின், கிற்றாரை விற்கும் பேச்சு வீட்டில் இன்னும் இருக்கிறதா என்று எழுதும்.