வாசிப்பது விளங்குகின்றதா?



எருசலேமிலிருந்து காசாவுக்குச் செல்லும் பாலைநிலப் பாதையிலே ஒரு தேர் போய்க்கொண்டிருக்கின்றது. எத்தியோப்பிய அரசியின் நிதிப் பொறுப்பாளர் ஒருவர் அதில் அமர்ந்து, இறைவாக்கினர் எசாயாவின் ஏட்டை வாசித்தவண்ணம் செல்கின்றார். தூய ஆவியாரால் ஏவப்பட்ட பிலிப்பு ஓடிச்சென்று, வாசிப்பதன் பொருள் அவருக்கு விளங்குகின்றதா என வினவுகின்றார். வழிகாட்ட ஒருவர் இல்லாவிட்டால் எப்படி விளங்கும் என்று கூறிய அந்த உயர் அதிகாரி, பிலிப்பைத் தேரில் ஏறித் தம் அருகில் அமருமாறு வேண்டுகின்றார். திருத்தூதர் பணிகள் நூலின் 8ஆம் அதிகாரம் தரும் காட்சி இது.

இன்று அந்த ஏடு எம் ஒவ்வொருவரின் கைத்தொலைபேசிக்குள்ளும் வந்துவிட்டது. காலையில் கண்விழிக்குமுன்னரே செபங்களும், மறையுரைகளும், புனிதர்களின் வரலாறுகளும், புதுமைகளும், எச்சரிக்கைகளும் வந்து குவிகின்றன. வாசிப்பதற்குக் குறைவில்லை. அருகில் அமர்ந்து பொருள் சொல்லும் பிலிப்புதான் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய பங்கிலே ஒரு சிறுவன் டெங்குக் காய்ச்சலினால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டிருந்தான். பார்க்கச் சென்றபோது அவனுடைய தாய் என்னைக் கண்டதும் விம்மி அழுதார். "பாதர், என்னாலைதான் பிள்ளைக்கு இப்படி வந்தது" என்றார். ஒரு புனிதரின் பெயரால் அவருக்கு ஒரு செபம் வந்ததாம். அதனை 24 மணித்தியாலத்துக்குள் இருபது பேருக்கு அனுப்பாவிட்டால் குடும்பத்துக்குத் துன்பம் நேரும் என்று அதன் அடியில் எழுதியிருந்ததாம். வேலை மிகுதியால் அவர் அனுப்பவில்லை. பிள்ளை தேறி வீடு திரும்பினான். ஆனால் தம் மகனைத் தண்டித்தவர் கடவுளே என்ற எண்ணத்தை அத்தாயின் மனத்திலிருந்து அகற்றுவதற்கு நெடுநாள் எடுத்தது.

அன்புக்குரியவர்களே, எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்று கணக்கெடுத்து நோய் அனுப்புகின்றவர் எம் ஆண்டவர் இயேசு வெளிப்படுத்திய தந்தை அல்லர். காணாமற்போன ஆட்டைத் தேடிச் செல்லும் ஆயனைப் பற்றிப் பேசியவர் இயேசு. அச்சத்தை விதைக்கும் செய்தியின் மேல் சிலுவை அடையாளம் போட்டிருந்தாலும் அது நற்செய்தி ஆகிவிடாது.

குற்றம் பிறரிடம் மட்டும் இல்லை. ஒரு ஞாயிறு மறையுரையிலே திருத்தந்தை பிரான்சிஸ் கூறியதாக எனக்கு வந்த அழகிய வாசகம் ஒன்றை நானும் எடுத்துரைத்தேன். திருப்பலி முடிந்ததும் உயர்தர வகுப்பு மாணவி ஒருவர் என்னிடம் வந்து, "பாதர், அதைத் திருத்தந்தை எந்த உரையிலே சொன்னவர்? முழுதாக வாசிக்க விருப்பம்" என்றார். இரண்டு இரவுகள் தேடினேன். அவருடைய உரை எதிலும் அது கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு பீடத்தின் முன் நின்று மக்களிடம் அதனை ஒப்புக்கொண்டேன். அன்று அம்மாணவியே எனக்குப் பிலிப்பு ஆனார்.

பெரேயா நகர மக்கள் பவுலின் போதனையை ஆவலோடு ஏற்றுக்கொண்டார்கள். ஆயினும் அவர் கூறியவை உண்மைதாமா என நாள்தோறும் மறைநூலை ஆய்ந்து பார்த்தார்கள். இதற்காக லூக்கா அவர்களைப் பாராட்டவே செய்கின்றார். பவுலையே சரிபார்ப்பது குற்றமில்லை என்றால், பெயரும் ஊரும் இல்லாத ஒரு செய்தியைச் சரிபார்ப்பது எப்படி விசுவாசக் குறைவாகும்?

2018ஆம் ஆண்டின் உலக சமூகத் தொடர்பு நாளுக்கான செய்தியிலே, பொய்ச் செய்தியின் தொடக்கத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் ஏதேன் தோட்டத்துப் பாம்பிடமே கண்டார். அடுத்த ஆண்டே அதன் கொடுமையை நாம் கண்ணால் கண்டோம். 2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழா அன்று, எம் ஆலயங்களில் குருதி சிந்தப்பட்டது. வதந்திகள் பரவிவிடும் என்ற அச்சத்தினால் அன்றே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. துயரத்தில் இருந்த எம்மிற் சிலரும், ஆராயாமல் பெற்றதை ஆராயாமல் அனுப்பி, குற்றமற்ற அயலவர் மீது வெறுப்பை வளர்த்தோம் அல்லவா?

ஆகவே கைத்தொலைபேசியை வீசிவிடுங்கள் என்று கூறுகின்றேனா? இல்லை. புனித யோசப்வாஸ் அடிகளார் 1687ஆம் ஆண்டு இந்நாட்டுக்கு வந்தபோது, ஒல்லாந்தரின் தடையினால் எம் மூதாதையர் குருக்கள் இல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்தனர். அவருக்குப் பின் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் மறைநூல்களை எழுதி விசுவாசத்தை ஊட்டினார். வாசிப்பினால் காக்கப்பட்ட விசுவாசம் எம்முடையது. நல்ல கருவி எதுவோ அதனை நல்லதற்குப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

எதனை வாசிக்கலாம்? முதலாவதாக, அன்றைய திருப்பலி வாசகங்கள். 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை இணையத்திலேயே வாசிக்க முடிகின்றது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் பிள்ளையோடு தொலைபேசியில் பேசும் தாயே, இருவரும் அன்றைய நற்செய்தியைச் சேர்ந்து வாசித்துவிட்டு மற்றவற்றைப் பேசுங்கள். கடல் கடந்த குடும்பமும் ஒரே பந்தியில் அமரும்.

இரண்டாவதாக, வத்திக்கான் செய்தித் தளத்தின் தமிழ்ப் பக்கம். திருத்தந்தை உண்மையில் என்ன சொன்னார் என்பதை அறிய அதுவே பாதுகாப்பான வழி.

மூன்றாவதாக, திருத்தந்தை பிரான்சிஸ் விட்டுச்சென்ற இரு மடல்கள் வத்திக்கான் தளத்தில் உள்ளன. 2016இல் வெளிவந்த ‘அமோரிஸ் லெத்தீசியா’, உணவு மேசையில் ஆளுக்கொரு தொலைபேசியோடு அமர்ந்திருக்கும் குடும்பத்தைப் பற்றியும் பேசுகின்றது. 2018இல் வெளிவந்த ‘கௌதேத்தே எத் எக்சுல்தாத்தே’, சந்தைக்குப் போகும் ஒரு பெண்ணைக் காட்டுகின்றது. அயலவரைப் பற்றிப் புறங்கூற அவள் மறுக்கின்றாள். களைத்து வீடு வந்தபின்னும் தன் பிள்ளை பேசுவதைப் பொறுமையோடு அமர்ந்து கேட்கின்றாள். புனிதம் இத்தகைய சிறு செயல்களிலே வளர்கின்றது என்கின்றார் திருத்தந்தை. ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் ஒரு பந்தியை வாசித்து, அம்மம்மாவுக்குத் தமிழில் சொல்லட்டும். சொல்லும்போதே அவர்களுக்கும் அது விளங்கும்.

வாசித்து முடித்ததும் எம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்போம். இதனை எழுதியவர் யார்? இது என்னில் வளர்ப்பது அன்பையா, அச்சத்தையா? இதனை வாசித்தபின் வீட்டிலுள்ள யாரை நோக்கி நான் எழுந்து செல்ல வேண்டும்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்காவிட்டால், எவ்வளவு வாசித்தும் தேர் நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

இன்றிரவு குடும்ப செபத்தின்போது ஒரு தொலைபேசி மட்டும் திறந்திருக்கட்டும். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் செவிமடுங்கள். விளங்காததைக் கேளுங்கள், வீட்டில் விடை கிடைக்காவிட்டால் ஞாயிறன்று உங்கள் பங்குத்தந்தையிடம் கொண்டுவாருங்கள். அவருக்கும் தெரியாதிருந்தால், உங்களோடு சேர்ந்து தேடுவார்.

எத்தியோப்பியர் அன்று மகிழ்ச்சியோடு தம் வழியே சென்றார் என முடிக்கின்றார் லூக்கா. எமது வாசிப்பும் அந்த மகிழ்ச்சியிலே நிறைவுபெற இறைவன் அருள்புரிவாராக.