ஒரே ரூபாய் இரண்டானபோது நட்டப்பட்டவர்கள்

1876இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் பழைய சேலம் ஜில்லாவைச் சூறையாடியது. பனமரத்துப்பட்டி போன்ற மானாவாரிச் சீமையில் மழை பொய்த்தால் பிழைப்பும் பொய்த்துவிடும். தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூப்பிட்டபோது சேலம், திருச்சி வட்டாரத்துக் குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் புறப்பட்டன. போய்ச் சேர்ந்த நாட்டிலும் கூலி ரூபாயில்தான். அதுவும் இந்திய ரூபாயேதான். 1872 முதல் சில்லறை மட்டும் வேறானது: இங்கே பதினாறு அணா, அங்கே நூறு சதம்.

1884இல் ஓரியண்டல் வங்கி திவாலானதும் இலங்கை அரசு தன் பெயரில் நோட்டு அடிக்கத் தொடங்கியது. அப்போதும் மதிப்பு ஒன்றுக்கு ஒன்றுதான். கண்டியில் கொழுந்து கிள்ளியவர் ராசிபுரத்துக்கு அனுப்பிய பத்து ரூபாய், அனுப்பும் கூலி போக, பத்து ரூபாயாகவே வந்து சேர்ந்தது. 1950 ஆகஸ்ட் 28இல் இலங்கைக்கென மத்திய வங்கி பிறந்த பிறகும் ஒரு டாலருக்கு இரு நாட்டிலும் 4.76 ரூபாய். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நிலைத்த இந்தச் சமநிலை 1966 ஜூன் 6 அன்று உடைந்தது. இந்தியா தன் ரூபாயை டாலருக்கு 7.50 என இறக்கியது, இலங்கை இறக்கவில்லை. ஒரே நாளில் ஒரு இலங்கை ரூபாய்க்கு ஒன்றரை இந்திய ரூபாய்க்கு மேல் கிடைத்தது.

இந்தக் கணக்கு தோட்டத் தொழிலாளரின் வாழ்வோடு நேராக மோதியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 அக்டோபர் 30இல் இரு அரசுகளுக்கிடையே கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. ஒரு குடும்பம் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் சொத்தின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கப்படாது என்றும் எழுதப்பட்டது. கையெழுத்தான நாளில் அது 4,000 இந்திய ரூபாய். 1966 ஜூனில் அதுவே 6,300. ஆனால் 1967 நவம்பரில் ஸ்டெர்லிங் பவுண்டோடு சேர்ந்து இலங்கை ரூபாயும் 5.95க்கு இறங்கியது, 6,300 என்பது 5,040 ஆனது. ஒப்பந்தத்தைச் செயல்படுத்தும் சட்டம் கொழும்பில் நிறைவேறியதும் அந்த 1967இல்தான். ஆக, தலைமன்னாரிலிருந்து பெருந்திரளாகக் கப்பலேறியவர்களுக்கு அந்த நல்ல விகிதம் கிடைக்கவே இல்லை. 1977 நவம்பரில் ஜெயவர்த்தன அரசு ஒரு டாலர் சுமார் 16 ரூபாய் என்று விட்டபோது, 4,000 இலங்கை ரூபாயின் மதிப்பு இந்தியப் பணத்தில் ஏறக்குறைய 2,100தான்.

இதில் எந்த முடிவும் அந்த மக்களைக் கேட்டு எடுக்கப்பட்டதல்ல. கேட்கவும் முடியாது, வாக்குரிமையே பறிபோயிருந்தது. தேயிலை விற்று இலங்கைக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்தவர்களே அவர்கள்தான் என்பதை எண்ணும்போது நெஞ்சு பொறுக்கவில்லை. இருபது முப்பது ஆண்டுச் சேமநிதி, தமிழ்நாட்டின் மண்டபம் முகாமில் இறங்கும்போது எவ்வளவாக மிஞ்சும் என்பதைப் புறப்படும் தேதி தீர்மானித்தது.

ஒரே நாணயம் பிரிந்த இந்தக் கதைக்கு மேற்கு ஆப்பிரிக்காவிலும் இணை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் கானாவும் நைஜீரியாவும் ஒரே மேற்கு ஆப்பிரிக்கப் பவுண்டைப் புழங்கின. பின்னர் கானா 1965இல் செடி என்ற நாணயத்தையும் நைஜீரியா 1973இல் நைரா என்ற நாணயத்தையும் கொண்டுவந்தன. 2007இல் கானா தன் நோட்டில் நான்கு சுழியங்களை வெட்டி, பழைய பத்தாயிரம் செடியை ஒரு புதிய செடி ஆக்கியது. இன்று ஒரு செடிக்குப் பல நைரா கிடைக்கிறது என்பதால் கானாக்காரர் பல மடங்கு பணக்காரர் ஆகிவிடவில்லை. அண்டையிலுள்ள பிரெஞ்சு பேசும் நாடுகளில் 1994 ஜனவரியில் சி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு ஒரே இரவில் பாதியானபோது, இறக்குமதி மருந்தை நம்பியிருந்தவர்கள் முதலில் அடிபட்டார்கள்.

ஒரு இந்திய ரூபாய்க்கு மூன்றுக்கும் மேற்பட்ட இலங்கை ரூபாய் என்று நம் ஊரில் பெருமை பேசுவோர் இதைக் கவனிக்க வேண்டும். நாணயத்தின் எண்ணில் கௌரவமும் இல்லை, அவமானமும் இல்லை. எண் மாறும் நாளில் அந்தப் பணம் யார் மடியில் இருந்தது என்பதுதான் கேள்வி.

2021இல் இலங்கை மலையகத் தோட்டங்களின் நாள் சம்பளம் 1,000 ரூபாய் என அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுப் போராட்டத்தின் பலன் அது. அன்றைய விகிதப்படி சுமார் 365 இந்திய ரூபாய். 2022 மார்ச்சில் டாலருக்கு 200 என்ற பிடியை மத்திய வங்கி விட்டதும், மே மாதத்துக்குள் டாலர் 360ஐத் தொட்டது. அதே 1,000 ரூபாய் இந்திய மதிப்பில் 215க்கு வந்துவிட்டது. செப்டம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. கோதுமை மாவு ரொட்டியை நம்பி வாழும் லயன் வீடுகளுக்கு அது சம்பளத்தைப் பிடுங்கியதற்குச் சமம். அந்த மார்ச்சிலேயே குழந்தைகளோடு படகேறி தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கியவர்களைத் தமிழ்நாடு பார்த்தது.

தமிழ்நாட்டு மறுவாழ்வு முகாம்களில் இன்னும் பல்லாயிரம் இலங்கைத் தமிழர் இருக்கிறார்கள். நாளை அவர்களில் ஒரு பகுதியினர் விரும்பித் திரும்பும்போது, டெல்லியும் கொழும்பும் மறுபடி ஓர் உடன்பாடு எழுதக்கூடும். அதில் உதவித்தொகையோ சேமிப்பு வரம்போ வெறும் எண்ணாக இருக்கக் கூடாது. பணம் கைக்கு வரும் நாளின் மாற்று விகிதத்துக்கும், போய்ச் சேரும் ஊரின் விலைவாசிக்கும் ஏற்ப அது கணக்கிடப்பட வேண்டும். குறைவதை இரு அரசுகளும் ஈடுகட்ட வேண்டும். சேலம், நாமக்கல் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை இப்போதே அவையில் எழுப்பட்டும்.