போர்க்காலக் குறும்படங்கள்: திரையில் இடம் கிடைத்தால் போதுமா?

அம்பர்நாத்: கடந்த 2025 மே 7 அன்று 'ஆபரேஷன் சிந்தூர்' நடவடிக்கை குறித்து விளக்கமளிக்க, வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரியுடன் கர்னல் சோபியா குரேஷி, விங் கமாண்டர் வியோமிகா சிங் ஆகியோர் செய்தியாளர்கள் முன் தோன்றினர். இக்காட்சி சிறு காணொளிகளாக நாடெங்கும் பரவியது. ஒரு வாரத்திற்குள், கர்னல் குரேஷியை இழிவுபடுத்தும் வகையில் பேசியதாக மத்தியப் பிரதேச அமைச்சர் ஒருவர் மீது வழக்குப் பதியுமாறு அம்மாநில உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திரையில் கிடைக்கும் மதிப்பு, வெளியே தானாகக் கிடைத்துவிடாது என்பதற்கு இது சான்று.

போர்க்காலப் படங்களுக்கும் மும்பைக்கும் உள்ள தொடர்பு பழையது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943-இல் இங்கு 'இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியா' தொடங்கப்பட்டது. அதன் படங்கள் ஆங்கிலம், இந்துஸ்தானி, வங்காளம், தமிழ், தெலுங்கு ஆகிய 5 மொழிகளில் வெளியாகின. அரசு ஒப்புதல் பெற்ற இத்தகைய படங்களை ஒவ்வொரு காட்சியிலும் 2,000 அடி வரை, அதாவது சுமார் 22 நிமிடங்கள், திரையிடுவது திரையரங்குகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. தமிழ் ஒலித்தது உண்மை. என்ன சொல்ல வேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஆங்கிலேய அரசு.

அமெரிக்காவிலும் இதே முரண்பாடு இருந்தது. பிராங்க் சினாட்ரா நடித்து 1945-இல் வெளியான 'தி ஹவுஸ் ஐ லிவ் இன்' என்ற 10 நிமிடப் படம், யூத வெறுப்பைக் கண்டித்துச் சிறப்பு ஆஸ்கர் விருது பெற்றது. ஆனால் அதில் வரும் சிறுவர்கள் அனைவரும் வெள்ளையர்கள். ஜப்பானியர்கள் இழிசொல்லால் குறிப்பிடப்பட்டனர். கறுப்பின வீரர்கள் அப்போது தனிப் படைப்பிரிவுகளில்தான் பணியாற்றினர்.

இந்தியாவில் சில சமூகத்தினரை மட்டும் 'போர்க்குணம் கொண்டோர்' என ஆங்கிலேயர்கள் வகைப்படுத்தியிருந்தனர். ஆள்தேவை பெருகிய 1941-இல்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மீண்டும் உருவாக்கப்பட்டது. அம்பேத்கர் உள்ளிட்டோர் வலியுறுத்திவந்த மஹார் ரெஜிமென்ட்டும் அவ்வாண்டே தோன்றியது.

மும்பையில் பிறந்து, எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியில் பயின்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரன், அந்த மஹார் ரெஜிமென்ட்டின் 8-ஆவது பட்டாலியனைச் சேர்ந்தவர். இலங்கையில் 1987 நவம்பர் 25 அன்று விடுதலைப்புலிகளுடனான மோதலில் உயிரிழந்த அவருக்கு, மறைவுக்குப் பின் பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. மும்பைத் தமிழர் ஒருவர், ஒடுக்கப்பட்டோரின் உரிமைக் குரலால் உருவான படைப்பிரிவில் பணியாற்றி, ஈழத்தமிழ் மண்ணில் உயிரிழந்தார். தலைப்பாகை, புர்கா, வேட்டி ஆகியவற்றை வரிசையாகக் காட்டி முடியும் ஒரு நிமிடக் காணொளியில் இத்தகைய வாழ்க்கை அடங்காது.

எனவே, இத்தகைய படங்களில் எத்தனை வகை முகங்கள் உள்ளன என்று எண்ணுவது மட்டும் போதாது. பேசுபவர் யார், எந்த மொழியில் பேசுகிறார், அவர் சொல்வதை எழுதியவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். படைத்தளவாடத் தொழிற்சாலை இயங்கும் அம்பர்நாத்தின் தொழிலாளர்களும் நாட்டின் பாதுகாப்பில் பங்காளிகளே. அவர்கள் பின்னணிக் காட்சியாக வந்து போகாமல், தங்கள் பணியைத் தங்கள் மொழியிலேயே எடுத்துரைக்கும் படங்கள் தேவை.