காது கேட்கிற ஊரில் செவிட்டு வைத்தியம்

கியர் பாக்ஸ் பக்கம் சத்தம் வந்தால் காதை நம்பாதே, கிளட்ச் செட்டை மொத்தமாக மாற்று என்று சென்ற இதழில் ஒருவர் டெல்டா விவசாயிகளுக்கு உபதேசம் செய்திருக்கிறார். யாருக்குச் சொல்கிறோம் என்ற யோசனை கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டாமா? நரசிங்கன்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாகஸ்வரம் செய்கிற சீமை இது. வாசிப்பது திமிரியா பாரியா என்று நாலு தெரு தள்ளி நின்றே சொல்லிவிடுகிறவர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் வந்து, காதால் கேட்டுச் சொல்வது ஜோசியம், ஸ்கேனர் சொல்வதே விஞ்ஞானம் என்கிறார்.

நல்லது, விஞ்ஞானத்துக்கே வருவோம். சென்சார் சொன்னதைத்தான் ஸ்கேனர் வாசிக்கும். ரிலீஸ் பேரிங்கில் சென்சார் வைத்த மகராசன் யார்? சேற்றுழவில் தேய்ந்த பழைய டிராக்டரில் ஸ்கேனரை எங்கே சொருகுவது, சைலன்சரிலா? இதைவிட வேடிக்கை, அதே கட்டுரையில் இரண்டு பத்தி தள்ளி, கரகரவென்றால் பிளேட் போச்சு, கீச்சென்றால் பிரஷர் பிளேட் போச்சு என்று பட்டியல் போடுகிறார். காதை நம்பாதே என்றவர் இந்தக் கரகரவையும் கீச்சையும் எந்த உறுப்பால் கேட்டாராம்?

சத்தம் எப்படி இருக்கிறது என்பது இரண்டாவது கேள்விதான். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதே முதல் கேள்வி. பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிற பையனுக்கும் இது தெரியும். வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள். உறுமல் கேட்டு, கிளட்சை மிதித்ததும் அடங்கினால் கோளாறு பெரும்பாலும் கியர் பாக்ஸுக்குள், இன்புட் ஷாஃப்ட் பேரிங் பக்கம். ஏனென்றால் மிதித்ததும் அந்த ஷாஃப்ட் சுற்றுவதை நிறுத்திவிடுகிறது. மாறாக, மிதிக்கத் தொடங்கும்போதே சத்தமும் தொடங்கினால் ரிலீஸ் பேரிங். முழுக்க மிதித்துக் கியரும் போட்ட பிறகு கேட்டால் ஃபிளைவீல் நடுவில் உட்கார்ந்திருக்கும் பைலட் பேரிங்கையும் சந்தேகிக்க வேண்டும். பழைய அம்பாசடரில் மூன்று கியரிலும் அழுதுவிட்டு டாப் கியரில் மட்டும் அமைதியானால் லே ஷாஃப்டைப் பார்ப்பார்கள். டாப்பில் இழுவை அதன் வழியாகப் போவதில்லை. இது தர்க்கமா, ஜோசியமா? அடுப்பில் கருகுவது எந்தச் சட்டி என்று தெரிந்துகொள்ள வீட்டையே இடிக்கச் சொல்கிறவருக்கு இந்த வித்தியாசம் புரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

கியர் போடும்போது டிராக்டர் கறுவினால் சின்க்ரோ ரிங் தேய்ந்துவிட்டது என்று ஒரு தீர்ப்பு வேறு. சின்க்ரோமெஷ் 1928இல் காடிலாக் காரில் வந்த சங்கதி. நம் வயலில் உழுகிற எத்தனையோ டிராக்டர்களில் இன்றைக்கும் ஸ்லைடிங் மெஷ், கான்ஸ்டன்ட் மெஷ்தான். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் கியர் போடுவார்கள். இல்லாத ரிங் எப்படி ஐயா தேயும்? அங்கே கறுவினால் முதலில் பார்க்க வேண்டியது, கிளட்ச் முழுக்க விடுபடுகிறதா, பெடலின் ஃப்ரீ பிளே சரியா என்பதைத்தான். அதற்குப் பைசா செலவில்லை; அதனாலேயே கட்டுரையில் இடமில்லை போலும். கெட்டி ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும் என்ற யோசனையையும் பார்த்தேன். அடங்கும்தான், சொத்தைப் பல்லில் கிராம்பு வைத்த மாதிரி.

சேற்றைப் பற்றி ஒரு வரிகூட அவர் எழுதவில்லை. ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்து, குறுவைக்குத் தண்ணீர் வந்து, கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் அச்சு மூழ்கச் சுற்றுகிற ஊரில் கிளட்சைப் பற்றி எழுதிவிட்டுச் சேற்றை மறப்பதும் ஒரு திறமைதான். திருவையாறு சாலையில் ஒரு பட்டறையில் நான் பார்த்தது இது: வயதான மெக்கானிக் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஹவுசிங்கில் ஊன்றி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக்கொண்டு, “மிதி தம்பி… விடு… பாதி மிதி” என்றார். மூன்றாவது மிதியில், “ரிலீஸ் பேரிங். அடியில பிளக்கைக் கழட்டு” என்றார். வயலில் இறங்கும்போது அடைத்து, கரையேறியதும் திறந்து வடிக்க வேண்டிய துளை. டிராக்டரை ஓட்டிவந்த பையன் போன தாளடிக்கு அடைத்தது, திறக்கவே இல்லை. ஒரு டம்ளர் சாம்பல் நிறச் சேற்றுத் தண்ணீர் இறங்கியது. ஓட்டும்போதெல்லாம் பெடல் மேலேயே காலை வைத்திருப்பது பையனின் பழக்கம் என்பதும் பிறகு தெரிந்தது. பேரிங்குக்கு ஓய்வே இல்லை. டிராக்டரை இரண்டாகப் பிளந்தபோது பிளேட் நன்றாகவே இருந்தது, பேரிங் மட்டும் வறண்டு சேறு பிடித்திருந்தது.

பிளந்ததுதான் பிளந்தோம், கையோடு எல்லாவற்றையும் மாற்றினால் என்ன என்று கேட்கலாம். சீசனில் இரண்டு முறை பிளக்கிற வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், நானும் அதைத்தான் சொல்வேன். அளந்து பார்த்து மாற்றுவது வேறு, பார்க்காமலே மாற்று என்பது வேறு. பின்னதைச் சொல்கிறவர் தன்னைப் பற்றிய குறிப்பில் இருபது ஆண்டுகளாக உதிரிபாக வியாபாரத்தில் இருப்பதாகப் பெருமையோடு போட்டிருக்கிறார். வாசகர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்வார்கள்.

முற்றிலும் தேய்ந்த பிளேட் என்று அவர் போட்டிருக்கும் படத்தையும் ஒரு முறை பாருங்கள். தேய்ந்த பிளேட்டில் ரிவெட் தலைகள் லைனிங் மட்டத்துக்கு வந்திருக்கும். இதில் ஒவ்வொரு ரிவெட்டும் குழிக்குள் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. எந்த வண்டியில் கழற்றியது என்று அவர் எழுதவில்லை; பில் அந்த வண்டிக்காரரிடம் இருக்கும்.